சாயாத கட்டடம், சாயும் கோடுகள்

ஜான் மாரின் வரைந்த வுல்வொர்த் கட்டட ஓவியத்தை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ‘என்னங்க, கட்டடம் விழுந்திடும் போலிருக்கே’ என்றார். ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாதவர் வரைந்தது என்று நினைத்துவிட்டார்.

தெரியாமல் இல்லை. 1870இல் நியூஜெர்சியில் பிறந்த மாரின், ஓவியத்துக்கு வரும்முன் கட்டடக்கலை அலுவலகங்களில் வேலை பார்த்தவர். நேர்கோட்டை அறிந்தே கைவிட்டார்.

வுல்வொர்த் சாதாரணக் கட்டடம் அல்ல. ஐந்து சென்ட், பத்து சென்ட்டுக்குச் சாமான் விற்றே பெரும் பணக்காரரான ஃபிராங்க் வுல்வொர்த், சுமார் 135 லட்சம் டாலரைக் கடன் வாங்காமல் கையிலிருந்து கொடுத்து, நியூயார்க்கின் பிராட்வேயில் எழுப்பியது. 792 அடி உயரம். காஸ் கில்பர்ட் அதற்கு கோதிக் தேவாலயத்தின் சாயலைக் கொடுத்தார். உள்ளே எஃகுச் சட்டகம், வெளியே சுடுமண் போர்வை. 1913 ஏப்ரல் 24 இரவு, ஜனாதிபதி வில்சன் வாஷிங்டனிலிருந்து பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் விளக்குகள் எரிந்தன. 1930 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான்.

ஆனால் திறப்பு விழாவுக்கு முன்பே மாரின் அதை ஆட்டிவிட்டார். ஐரோப்பாவிலிருந்து திரும்பியிருந்த அவர், கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த 1912இல் அதை நீர்வண்ணத்தில் பலமுறை வரைந்தார். சிலவற்றில் கோபுரம் அமைதியாக நிற்கிறது. வேறு சிலவற்றில் வளைகிறது, வானம் உடைகிறது, அடியில் தெரு கரைந்து ஓடுகிறது. அடுத்து செப்புத்தகட்டில் கீறி, மையேற்றி அச்செடுத்தார். அதில் ஒன்றுக்கு ‘நடனம்’ என்றே பெயர். நீர்வண்ணமும் சரி, செப்புக் கீறலும் சரி, எளிதில் அழித்துத் திருத்த விடாதவை. கை பதறினால் பதறினதுதான். அந்த வேகம் ஊடகத்திலேயே இருக்கிறது.

1913இன் தொடக்கத்தில் ஸ்டீக்லிட்ஸின் ‘291’ அரங்கில் இவை தொங்கின. பிப்ரவரியில் ஆர்மரி கண்காட்சிக்கும் போயின. நகரத்தின் உயிர் மனிதரிலும் மிருகங்களிலும் மட்டும்தானா, கட்டடங்கள் செத்தவையா என்று மாரின் அப்போது கேட்டார். பெரியதும் சிறியதுமான கட்டடங்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் தான் உணர்வதாகச் சொன்னார்.

இது கவிஞனின் பிதற்றலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்று தள்ளும் என்று தெரிந்துதான் பொறியாளர்கள் எஃகுச் சட்டகத்துக்குள் வளைவுத் தாங்கிகளை வைத்தார்கள். சுடுமண் போர்வை அந்தப் போராட்டத்தை மூடி, தேவாலயத்தின் நிதானத்தைக் காட்டியது. மூடியதை மாரின் தாளில் திறந்து காட்டினார், அவ்வளவுதான்.

கோபுரம் இன்றும் நேராகத்தான் நிற்கிறது. மேல்தளங்கள் இப்போது ஆடம்பரக் குடியிருப்புகள். அது எழும்பியபோது கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு வந்த தலைசுற்றல் மட்டும் அந்தத் தாள்களில் மிஞ்சியிருக்கிறது.