லினக்ஸ் சேமிப்பக இயக்கிகளில் பிழைமீட்பு: 1992 முதல் 2023 வரை

வட்டுக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வராதபோது என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் பகுதிதான் சேமிப்பக இயக்கியில் எழுதக் கடினமானது. படிப்பதற்கும் எழுதுவதற்குமான நிரல் ஒவ்வொரு நொடியும் ஓடுவதால் அதிலுள்ள குறைகள் விரைவில் வெளிப்பட்டுவிடுகின்றன. பிழைமீட்பு நிரல் அபூர்வமாகத்தான் ஓடுகிறது. அதுவும் வட்டு பழுதாகி, கேபிள் தளர்ந்து, கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில். இதனால் அதில் செய்யப்படும் மாற்றத்துக்குச் சக நிரலாளர்களின் சீராய்வே பல வேளைகளில் முதல் உண்மையான சோதனையாக அமைகிறது. லினக்ஸ் கெர்னலின் முப்பது ஆண்டு வரலாற்றில் இந்த மாற்றங்கள் இரு போக்குகளில் நகர்ந்துள்ளன. பழுதுக்காக நிறுத்தப்படும் எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது ஒரு போக்கு. குறிப்பிட்ட கணத்தில் ஒரு கட்டளை யார் வசம் இருக்கிறது என்பதை ஐயமின்றி வரையறுக்கும் முயற்சி மற்றொன்று. வெளியே தெரிவது முதலாவதுதான் என்றாலும், தரவு பத்திரமாக இருப்பது இரண்டாவதைப் பொறுத்தது.

லினக்ஸின் ஸ்கஸி துணையமைப்பை 1992-இல் ட்ரூ எக்ஹார்ட் எழுதத் தொடங்கினார். பின்னர் எரிக் யங்டேல் அதை விரித்தார். தொடக்ககால முறையில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கெடு வைக்கப்பட்டது. கெடு தாண்டியதும் டைமர் குறுக்கீட்டின் உள்ளிருந்தே கட்டளையைக் கைவிடும் முயற்சியும், அது பலிக்காவிட்டால் ரீசெட்டும் நடந்தன. குறுக்கீட்டுச் சூழலில் நிரல் உறங்கிக் காத்திருக்க முடியாது. வட்டோ ரீசெட்டுக்குப் பின் சுதாரித்துக்கொள்ளச் சில நொடிகள் கேட்கும். இந்த முரணைச் சமாளிக்க அடாப்டர் இயக்கிகள் ‘முடிந்தது’, ‘நிலுவையில்’, ‘இன்னும் சற்றுப் பொறு’ என்ற பொருளில் பலவகைக் குறியீடுகளைத் திருப்பி அனுப்பின. ஒவ்வோர் இயக்கியும் அவற்றுக்குத் தனக்கேற்ற பொருளைக் கொண்டதால், கைவிட்ட கட்டளை உண்மையில் இறந்துவிட்டதா, எங்கேனும் உயிரோடு உள்ளதா என்பதை மேலடுக்கால் அறுதியிட முடியவில்லை.

யங்டேல் 1997-இல் எழுதிய புதிய முறை இதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. ஒவ்வோர் அடாப்டருக்கும் பிழைகளைக் கவனிக்கவென்றே ஒரு கெர்னல் இழை உருவாக்கப்பட்டது. அந்த இழையால் உறங்க முடியும், காத்திருக்க முடியும். அது படிப்படியாக மேலேறும்: முதலில் குறிப்பிட்ட கட்டளையை மட்டும் கைவிடும், பிறகு சாதனத்தை ரீசெட் செய்யும், அதற்கும் பலனில்லையெனில் பஸ்ஸையும், இறுதியில் அடாப்டரையும் ரீசெட் செய்யும். ஒவ்வொரு படியிலும் சாதனம் தயாரா என்று கேட்கும் சிறு கட்டளையை அனுப்பிப் பார்க்கும். எதற்கும் மசியாத சாதனம் ‘ஆஃப்லைன்’ என ஒதுக்கப்படும். பழைய முறையும் புதியதும் சில ஆண்டுகள் அருகருகே இருந்தன. எதை விரும்புகிறது என்பதை இயக்கியே ஒரு கொடியால் அறிவித்தது. 2002-இல் மைக் ஆண்டர்சன் இப்பகுதியின் அமைப்பைச் சீரமைத்தார். அடுத்த கெர்னல் தலைமுறையில் பழைய முறை அகற்றப்பட்டது.

படிகளின் இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பஸ் ரீசெட் அந்தப் பஸ்ஸிலுள்ள எல்லாச் சாதனங்களின் நிலுவைக் கட்டளைகளையும் அழித்துவிடும். ஒரே பஸ்ஸை இரு கணினிகள் பகிர்ந்தால், மற்றக் கணினியின் கட்டளைகளும் அது வைத்திருந்த முன்பதிவும் பறிபோகும். டேப் டிரைவின் நிலை இன்னும் மோசம். ரீசெட்டுக்குப் பின் நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்பது நிச்சயமில்லை. அதை அறியாமல் எழுதத் தொடங்கினால் பழைய பதிவுகள் அழியும். ‘ரீசெட் நிகழ்ந்தது’ என்று சாதனம் அடுத்த கட்டளையின்போது தரும் எச்சரிக்கையை இயக்கி விழுங்கிவிடாமல் மேலே கொண்டுசேர்க்கிறதா என்பது டேப் இயக்கியின் சீராய்வில் தவறவிடக்கூடாத கேள்வி.

யங்டேலின் வடிவமைப்புக்கு ஒரு பெரிய விலை இருந்தது. பிழை இழை எழ வேண்டுமானால் அந்த அடாப்டரில் ஓடும் எல்லாக் கட்டளைகளும் முடிந்திருக்க வேண்டும் அல்லது தோற்றிருக்க வேண்டும். அதுவரை புதிய கட்டளைகள் எதுவும் போகாது. ஓர் அடாப்டரின் பின்னால் நான்கைந்து வட்டுகள் இருந்த காலத்தில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. சேமிப்பக வலையமைப்புகள் வந்து, ஓர் அடாப்டரின் பின்னால் நூற்றுக்கணக்கான தருக்க வட்டுகள் நின்றபோது, ஒரு வீட்டில் ஃபியூஸ் போனதற்காகத் தெரு முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவதைப் போலாயிற்று. 2008-இல் சாதனத்துக்கும் பஸ்ஸுக்கும் இடையே ‘டார்கெட் ரீசெட்’ என்ற படி சேர்க்கப்பட்டது. ஆனால் அடாப்டர் முழுவதையும் நிறுத்தும் விதி மாறவில்லை.

ஐடிஇ வட்டுகளின் கதை தனியே நடந்தது. பழைய ஐடிஇ அடுக்கு பிழை வந்தால் மீண்டும் முயலும். தலையைத் தொடக்கத் தடத்துக்குக் கொண்டுவரும். தேறாவிட்டால் ரீசெட் செய்யும். பிழைக்கான காரணத்தை அது ஆழமாக ஆராயவில்லை. 2003 முதல் ஜெஃப் கார்ஸிக் உருவாக்கிய லிப்ஏடிஏ, சாட்டா வட்டுகளை ஸ்கஸி அடுக்கின் மேல் அமர்த்தியது. பிழைமீட்பில் தொடக்கத்தில் அதுவும் எளிமையாகவே இருந்தது. நிலைமையை மாற்றியவர் டெஜுன் ஹியோ. அவர் 2005-இல் ஸ்கஸி பிழைமீட்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கும் ஆவணமொன்றைக் கெர்னலுக்கு எழுதினார். யார் எந்தப் பூட்டை வைத்திருப்பார், எந்தக் கட்டளை எப்போது யார் பொறுப்பில் வரும் என்பதையெல்லாம் அது வரிசையாகச் சொல்கிறது. அடுத்த ஆண்டு லிப்ஏடிஏவின் பிழைமீட்பை அவர் புதிதாக எழுதினார். 2006 செப்டம்பரில் வெளியான 2.6.18 கெர்னலில் அது இடம்பெற்றது. இருக்கும் முறையை எழுத்தில் வடித்துப் புரிந்துகொண்ட பின் மாற்றத் தொடங்கிய இந்த அணுகுமுறையே அந்தப் பெரிய மாற்றத்தைச் சீராய்வோர் பின்தொடர வழிசெய்தது எனலாம்.

ஹியோவின் வடிவமைப்பில் ஒவ்வொரு சாட்டா போர்ட்டும் தனி அடாப்டராகக் கருதப்படுகிறது. ஆகவே ஒரு போர்ட்டின் பழுது அடுத்த போர்ட்டை நிறுத்துவதில்லை. பிழை தெரிந்ததும் போர்ட் ‘உறைய’ வைக்கப்படும்: குறுக்கீடுகள் மூடப்படும், கட்டளை எதுவும் போகாது. பிறகு ஒரு பிரேதப் பரிசோதனை நடக்கும். நிரலில் அந்தக் கட்டத்துக்குப் பெயரே அதுதான். நிலைப் பதிவேடுகளைப் படித்து, இணைப்பில் பிழையா, ஊடகத்தில் பிழையா, கெடு தாண்டியதா என்று நிரல் வகைப்படுத்தும். ஒரே நேரத்தில் 32 கட்டளைகள்வரை வரிசையில் நிற்கக்கூடிய முறையில், ஒன்று தோற்றால் வட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தோற்றது எது என்பதை வட்டின் பதிவுப் பக்கத்திலிருந்து படித்தால்தான் மற்றவற்றைக் குற்றமின்றித் திரும்ப அனுப்ப முடியும். இணைப்புப் பிழைகள் தொடர்ந்தால் வேகம் 3.0 கிகாபிட்டிலிருந்து 1.5-க்கு இறக்கப்படும். ரீசெட் முயற்சிகளுக்கான கெடுக்கள் 10, 10, 35, 5 நொடிகள். நின்றுபோன வட்டு மறுபடி சுழல நேரம் எடுக்கும் என்பதால் மூன்றாவது முயற்சிக்கு அவ்வளவு நீண்ட கெடு.

கெடு என்பதே இந்தத் துறையில் ஒரு தனிச் சிக்கல். ஸ்கஸி அடுக்கு வட்டுக் கட்டளைக்கு இயல்பாக 30 நொடி தருகிறது. மேசைக் கணினிகளுக்கான வன்தட்டு, படிக்க முடியாத பிரிவை மீட்கத் தானே ஒரு நிமிடத்துக்கும் மேல் முயலக்கூடும். வட்டு உள்ளே உழைத்துக்கொண்டிருக்கும்போதே கெர்னல் அதைச் செத்ததாக எண்ணி ரீசெட் செய்கிறது. ரெய்டு தொகுதியில் இதன் விளைவு கொடியது. ஒரேயொரு பிரிவு கெட்ட வட்டு முழுவதுமாகத் தொகுதியிலிருந்து தூக்கியெறியப்படலாம். மீட்டெடுப்பின்போது இரண்டாவது வட்டுக்கும் அதே கதி நேர்ந்தால் தொகுதியே விழும். ரெய்டுக்கான வட்டுகள் தம் முயற்சியை வழக்கமாக 7 நொடியில் நிறுத்திப் பிழையை அறிவிப்பது இதனால்தான். அந்த வரம்பை அமைக்க இயலாத வட்டுகளில் கெர்னலின் கெடுவை உயர்த்துவதே எஞ்சிய வழி. இயக்கியின் நிரல் பிழையற்றதாக இருந்தும், இரு எண்கள் பொருந்தாததால் தரவு போன வேதனை பல நிர்வாகிகளுக்கு நேர்ந்திருக்கிறது.

ஸ்கஸி அடுக்கின் முட்டுக்கட்டை 2013-இல் தளர்ந்தது. ஹானஸ் ரைனெக்கேயின் மாற்றங்கள் இரண்டு. பிழைமீட்புக்கு மொத்தமாக ஒரு கால வரம்பு வைக்க வழி செய்தது ஒன்று. வரம்பு தாண்டினால் இடைப்படிகளை விட்டு நேரே அடாப்டர் ரீசெட்டுக்குப் போய்விடும். கெடு தாண்டிய கட்டளையைக் கைவிடும் முதல் முயற்சியை அடாப்டரை நிறுத்தாமலேயே பின்னணியில் செய்வது மற்றது. அது வெற்றி பெற்றால் மற்ற வட்டுகளுக்குச் செய்தியே தெரியாது. தோற்றால் மட்டும் பழைய ஏணியில் ஏறும். ஒரு கட்டளைக்கு இத்தகைய முயற்சி ஒருமுறைதான். இல்லையெனில் கைவிடுவதும் மீண்டும் அனுப்புவதுமாகச் சுழன்றுகொண்டே இருக்கும்.

எல்லை சுருங்கச் சுருங்க, உரிமைப் பிரச்சினை கூர்மையடைந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆராயும்போது கட்டளை யாரிடம் என்ற குழப்பம் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆராய்ந்தால், கெடு தாண்டிய அதே கணத்தில் வட்டின் பதிலும் வந்து சேரலாம். கெடுவைக் கவனிக்கும் நிரலும் பதிலைக் கையாளும் நிரலும் அந்தக் கட்டளையை முடித்துவைத்தால் ஒரே நினைவிடம் இருமுறை விடுவிக்கப்படும். கட்டளைகளைப் பல வரிசைகளில் இணையாக அனுப்பும் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் பலவரிசை அடுக்கு 2014-இல் வெளியான 3.13 கெர்னலில் சேர்ந்தபின் இந்த மோதல் மேலும் நுணுக்கமானது. 2018 ஏப்ரலில் வந்த 4.16 பதிப்பில், தலைமுறை எண்ணை வைத்து இதைத் தீர்க்கும் ஹியோவின் முறை சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 4.18 வந்தபோது கீத் புஷ் அதை நீக்கி, கட்டளையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் எளிய முறையைக் கொண்டுவந்தார். தேர்ந்த கைகள் எழுதிய தீர்வு சில மாதங்களில் மாற்றப்பட்டது இந்தச் சிக்கலின் ஆழத்துக்குச் சான்று.

ஃபிளாஷ் வட்டுகளுக்கான என்விஎம்இ இயக்கியில் இவையனைத்தும் ஒன்றுகூடின. அதன் தரநிலை 2011 மார்ச்சில் வெளியானது. மேத்யூ வில்காக்ஸ் எழுதிய இயக்கி 2012-இல் 3.3 கெர்னலில் சேர்ந்தது. ஆரம்பத்தில் நொடிக்கு ஒருமுறை விழித்து, கெடு தாண்டியவற்றைத் தேடும் கெர்னல் இழையொன்று இருந்தது. பிற்பாடு அந்தப் பொறுப்பு பலவரிசை அடுக்குக்கு மாறியது. இன்றைய ஒழுங்கு இது: கெடு தாண்டினால், பதில் வந்தும் குறுக்கீடு மட்டும் தொலைந்ததா என்று முதலில் முடிவு வரிசையையே எட்டிப் பார்ப்பது. 2017-இல் சேர்ந்த இந்தச் சோதனை தேவையற்ற ரீசெட்டுகளைத் தவிர்க்கிறது. பதில் இல்லையெனில் கைவிடும் கட்டளை அனுப்பப்படும். அதே கட்டளை மறுபடியும் கெடு தாண்டினால் கட்டுப்படுத்தி முழுவதும் ரீசெட் ஆகும்.

இந்த ரீசெட்டில் வரிசைமுறை உயிர்நாடி. கட்டுப்படுத்தியை முடக்கிய பின்னரே நிலுவைக் கட்டளைகளை ‘தோல்வி’ என்று மேலே திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால், திருப்பிய நினைவிடம் வேறொரு நிரலுக்குப் போய்விடும். அதன்பின் விழித்துக்கொண்ட சாதனம் பழைய கட்டளையின்படி அங்கே தரவை எழுதிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பிழைமீட்பு பேட்ச் எதுவானாலும் சீராய்வாளர் முதலில் தேட வேண்டியது இந்த வரிசையைத்தான். அடுத்தது முட்டல். ரீசெட் வேலை தானே சில நிர்வாகக் கட்டளைகளை அனுப்பிக் காத்திருக்கும். அவையும் கெடு தாண்டினால், கெடுவைக் கவனிக்கும் நிரல் ‘ரீசெட் முடியட்டும்’ என்று நிற்கும், ரீசெட்டோ அந்தக் கட்டளை முடியட்டும் என்று நிற்கும். 2018-இல் மிங் லேய் உள்ளிட்டோர் விவாதித்துத் திருத்திய சிக்கல்களில் இதுவும் ஒன்று. மூன்றாவது நினைவகம். மீட்புப் பாதை நினைவகம் கேட்டு, கெர்னல் அதற்காகப் பக்கங்களை வட்டில் எழுத முனைந்தால், அந்த வட்டே மீட்புக்குக் காத்திருப்பதாக இருக்கலாம். பிழைமீட்பு வேலைகளுக்கான வரிசைகள் நினைவகப் பஞ்சத்திலும் ஓடும்படி முன்கூட்டியே ஒதுக்கப்படுவது இதனால்.

சீராய்வு மட்டும் போதாது என்பதும் உணரப்பட்டது. அகினோபு மிதாவின் பழுதூட்டும் கட்டமைப்பு 2.6.20-இல் சேர்ந்தது, பதிலை வேண்டுமென்றே தொலைத்துக் கெடுவைத் தாண்டவைக்கும் வசதி பின்னர் வந்தது. வன்பொருள் இன்றியே ஸ்கஸி வட்டைப் போல நடிக்கும் இயக்கியும் கெர்னலிலேயே உள்ளது. ஆனாலும் இரு செயல்கள் ஒரே கணத்தில் மோதும் பிழைகளை இத்தகைய சோதனைகள் எப்போதும் பிடிப்பதில்லை. 2017 இறுதியில் திருத்தப்பட்ட ஸ்கஸி குறையொன்றில், தோற்றவற்றின் எண்ணும் நிலுவையில் உள்ளவற்றின் எண்ணும் வெவ்வேறு செயலிகளில் மாறும் இடைவெளியில், பிழை இழை எழவே எழாமல் கணினி உறைந்துபோனது. அத்தகையவற்றை நிரலை வரிவரியாகப் படிப்பவரே கண்டுபிடிக்கிறார். அந்த உழைப்புக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை.

பழைய ஐடிஇ அடுக்கு 2021-இல் 5.14 பதிப்போடு நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் வந்த 6.5 பதிப்பில், ஒவ்வொரு கட்டளைக்கும் வட்டே கால வரம்பைக் கடைப்பிடிக்கும் வசதிக்கு ஆதரவு சேர்ந்தது. வரம்பு தாண்டினால் சாட்டா வட்டு, அமைப்புக்கேற்ப, ‘வெற்றி, ஆனால் தரவு இல்லை’ என்று பதில் தரலாம். விவரத்தைப் பதிவுப் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டியிருப்பதால், வெற்றி எனத் திரும்பும் அக்கட்டளைகளும் இப்போது ஹியோ 2006-இல் அமைத்த பிழைமீட்புப் பாதை வழியாகவே கையாளப்படுகின்றன.