சமர்கந்து அறிஞர்களின் அன்றாட உழைப்பு



அறிவியலுக்கு வழிகாட்டியவர்கள் முஸ்லிம் அறிஞர்கள் என்று மேடைதோறும் பெருமையுடன் முழங்குகிறோம். பெயர்களை அடுக்குகிறோம், பிள்ளைகளும் மனனம் செய்கிறார்கள். ஆனால், அந்த அறிஞர் பெருமக்கள் ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்தார்கள் என்று என்றேனும் சிந்தித்ததுண்டா?

தைமூரின் பேரரான உலுக் பேக், கி.பி. 1420களில் சமர்கந்தில் ஒரு வானாய்வுக் கூடத்தை எழுப்பினார். அதன் தலையாய கருவி, சுமார் 40 மீட்டர் ஆரமுடைய மாபெரும் வில். அதன் அடிப்பகுதி பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இடம் கிடைத்ததால், பாகையின் சிறு பின்னத்தையும் கண்ணால் காண முடிந்தது. நண்பகலில் சிறு துளை வழியே நுழையும் கதிரவனின் ஒளி, வில்லின் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள், குறிப்பார்கள். மறுநாளும் அதே வேலை. இரவில் விண்மீன்கள். பிறகு கணக்கு, சரிபார்த்தல், மீண்டும் கணக்கு. இதுதான் அவர்களின் வாழ்க்கை!

அங்கே பணியாற்றிய ஜம்ஷீத் அல்காஷீ, காஷானிலிருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் நம்மிடம் உள்ளன. குதிரை மீது செல்லும்போதே சுல்தான் மனக்கணக்காகச் சூரியனின் நிலையைக் கணித்ததையும், இறங்கியதும் அதைத் தம்மிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் அவர் விவரிக்கிறார். ஒரு விஷயம் நன்கு விளங்கும்வரை எவரும் தலையாட்டக்கூடாது, தம்மை மகிழ்விப்பதற்காகப் புரிந்ததுபோல் நடிக்கவும் கூடாது என்பது சுல்தானின் கட்டளையாம். மன்னரின் சபையில் இப்படியொரு ஒழுங்கு!

இதே அல்காஷீ 1424ஆம் ஆண்டில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தை 16 தசம இடங்கள் வரை கண்டறிந்தார். அதற்காக 80 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களையுடைய பலகோணத்தைக் கணக்கில் கொண்டார். கணிப்பொறி இல்லை, கையும் எழுதுகோலும் மட்டுமே.

1429இல் அவர் மறைந்தார். பணி நிற்கவில்லை. காழீ ஸாதா ரூமீ தொடர்ந்தார். அவரும் மறைந்தபின் இளைஞரான அலீ குஷ்ஜீ தோள்கொடுத்தார். 1437இல் நிறைவுற்ற அவர்களின் அட்டவணை நூலில் 1018 விண்மீன்களின் இடங்கள் பதிவாயின. ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். இது தனிமனிதச் சாதனையன்று.

1449இல் உலுக் பேக் தம் சொந்த மகனின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். கூடம் பாழடைந்து மண்ணுக்குள் மறைந்தது. 1908இல்தான் அதன் எச்சம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் ஏட்டில் எழுதிய எண்கள் அழியவில்லை. அந்த விண்மீன் பட்டியல் 1665இல் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது.

அன்பர்களே! அவர்களின் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. பெருமை பேசிய கூட்டத்தால் அந்த ஏடுகள் நிரம்பவில்லை. ஒவ்வொரு நண்பகலிலும் சலிக்காமல் குறித்தவர்களாலேயே நிரம்பின. புரியாததைப் புரிந்ததாகச் சொல்லும் பழக்கத்தை நம் வீட்டிலும் மத்ரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் கண்டிக்கிறோமா? மதிப்பெண்ணைக் கேட்கும் நாம், "இன்று எதைச் சரிபார்த்தாய்?" என்று பிள்ளையிடம் கேட்கிறோமா? அந்தக் கேள்வி நம் இல்லங்களில் ஒலிக்கும் நாளில்தான் நாம் சமர்கந்தின் உண்மையான வாரிசுகளாவோம்.