சிறுவர் குரோன் நோயின் ஊடுருவா மதிப்பீடு

குரோன் நோய் என்பது வாய் முதல் மலவாய் வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்ல நாட்பட்ட அழற்சி நோயாகும். சிறுவர்களில் இதன் தீவிரத்தை, குடலுக்குள் அகநோக்கி செலுத்தாமல் அளவிடும் முறைகள் ஊடுருவா மதிப்பீட்டு முறைகள் எனப்படும்.

1991 இல் வெளியான சிறுவர் குரோன் நோய்ச் செயற்பாட்டுச் சுட்டெண், வயிற்றுவலி, மலப்போக்கு, எடை, உயர வளர்ச்சி, குருதிச் சோதனை முதலியவற்றைக் கொண்டு 0 முதல் 100 வரை புள்ளியிடுகிறது. மலத்தில் காணப்படும் கால்புரோடெக்டின், அழற்சியுற்ற குடலில் வெள்ளணுக்கள் வெளியிடும் புரதமாகும். மீயொலி வரைவும் காந்த ஒத்ததிர்வு வரைவும் ஊடுகதிர் இன்றிக் குடற்சுவரின் தடிப்பைக் காட்டுகின்றன.

தமிழ்நாடு உட்பட இந்தியாவில் குடற் காசநோயும் இதே அறிகுறிகளைத் தருகிறது. அதிலும் கால்புரோடெக்டின் உயரக்கூடும். காசநோயைக் குரோன் நோயெனக் கருதி நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகள் அளித்தால் காசநோய் தீவிரமடையும். எனவே முதல் நோயறிதலுக்கு அகநோக்கியும் இழையச் சோதனையும் தேவை. ஊடுருவா முறைகள் பிந்தைய கண்காணிப்பில் அச்சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன.