ஹெட்போன் போட்ட பிறகும் கேட்கும் பியானோ: 300 வருஷ சத்தத்தின் கதை

1/
"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. ராத்திரி உங்க வீட்டுல ஏதாச்சும் இடிக்கிறீங்களா?"

போன வருஷம் எங்கள் கீழ்வீட்டு அம்மா லிஃப்டில் கேட்ட கேள்வி இது. எழுபதைத் தாண்டியவர். "இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

இரண்டு நாள் கழித்து முதுகுவலி என்று பாயை விரித்துத் தரையில் படுத்தேன். பக்கத்து அறையில் மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிஜிட்டல் பியானோ பயிற்சி. என் காதில் ஒரு ஸ்வரம்கூட விழவில்லை. ஆனால் தரை வழியாக டொக், டொக், டொம், டொக்.

அந்த அம்மா கேட்டது இதைத்தான்.

2/
ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாச்சு, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்திருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஏன் அது பாதி உண்மை மட்டும்தான் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கதை கொஞ்சம் நீளம். பொறுமையாக வாங்க.

3/
பியானோவுக்கு முன்னால் ஐரோப்பாவில் கிளாவிகார்ட் என்று ஒரு வாத்தியம் இருந்தது. கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன பித்தளைத் தகடு கம்பியைத் தொடும், அவ்வளவுதான். சத்தம் அந்த அறையைத் தாண்டாது. தேவாலய ஆர்கன் வாசித்தவர்கள் வீட்டில் பழக இதைத்தான் வைத்திருந்தார்கள். சபையில் வாசிக்க முடியாத அளவு சன்னம். வீட்டுக்கு அதுவே வசதி.

4/
1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், மெடிசி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி ஒரு புது வாத்தியம் செய்தார். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தி மேலே பாய்ந்து கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பலத்த ஒலி. அதுதான் பியானோ. அவர் 1720இல் செய்த ஒன்று இன்றும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். சுத்தி மேலே போனால் கீழே விழுந்துதான் ஆக வேண்டும். விழுந்த வேகத்தில் அது துள்ளாமல் பிடித்து நிறுத்தவும் கிறிஸ்தோஃபோரி ஒரு தடுப்பு வைத்தார். கட்டை எழுப்பும் அதிர்வை அடக்குகிற வேலை பியானோ பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

5/
அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷம் முழுக்க "இன்னும் சத்தமா" என்கிற ஓட்டம்தான். அரங்கு பெரிதானது. கம்பி தடித்தது. 1825இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பில் செய்த இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1826இல் பாரிஸில் பாப் என்பவர் சுத்தியின் தலைக்குத் தோலுக்குப் பதிலாக ஃபெல்ட் போட்டார். அரங்குக்காக வளர்ந்த அந்த வாத்தியம், நிமிர்ந்து நிற்கும் சின்ன வடிவில் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

6/
விளைவு? 1884இல் வியன்னாவின் பிரபல இசை விமர்சகர் எட்வர்ட் ஹான்ஸ்லிக், பக்கத்து வீட்டு பியானோவை ஒரு கொள்ளைநோய் என்றே தலைப்பிட்டு எழுதினார். இசை பிடிக்காதவர் எழுதினால் தள்ளிவிடலாம். வாழ்நாள் முழுக்க இசையைக் கேட்டே பிழைத்த மனிதர் எழுதினார்!

அதற்கான மருந்துகளும் வந்தன. நடுப் பெடலை மிதித்தால் சுத்திக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் திரை இறங்கும். அமெரிக்காவில் கம்பியே இல்லாத பயிற்சிப் பலகையை விர்ஜில் என்பவர் விற்றார். அதில் ஒரு வேடிக்கை. கட்டை இறங்கும்போதும் ஏறும்போதும் 'டிக்' என்று கேட்கும்படி வேண்டுமென்றே செய்திருந்தார், விரல் சரியான நேரத்தில் விழுகிறதா என்று மாணவருக்குத் தெரிவதற்காக. இன்று நாம் ஒழிக்கப் பார்க்கிற சத்தம் அன்று பாடம்!

7/
இனி ஜப்பான். இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது.

போருக்குப் பிறகு அங்கே நடுத்தரக் குடும்பங்கள் அரசு கட்டிய கான்கிரீட் குடியிருப்புகளுக்குக் குடிபோயின. பெண் குழந்தைக்கு பியானோ வாங்கித் தருவது பெற்றோரின் பெருமை ஆனது. மெல்லிய தரை, நெருக்கமான வீடுகள், உள்ளே நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள ஒரு வாத்தியம்.

8/
1974 ஆகஸ்ட் 28. கனகாவா மாகாணத்தின் ஹிரட்சுகா நகரம். நான்காவது மாடியில் வசித்த ஒருவர் மூன்றாவது மாடி வீட்டுக்குள் புகுந்து, ஒரு தாயையும் 8 வயது, 4 வயது மகள்களையும் கொன்றார். காரணமாக அவர் சொன்னது, அந்த வீட்டு பியானோ சத்தம். மூத்த மகளுக்காக வாங்கிய பியானோ அது.

ஒரு மன்னிப்பு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்ற பொருளில் அந்த வீட்டுக் கதவில் அவர் எழுதி வைத்திருந்தார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எந்தச் சத்தமும் இப்படி ஒரு கொலையை நியாயப்படுத்தாது. அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்த நாள் ஜப்பான் முழுக்க ஒவ்வொரு பியானோ வீட்டையும் உலுக்கியது. பக்கத்து வீட்டுச் சத்தம் வெறும் எரிச்சல் அல்ல, அது ஒரு சமூகப் பிரச்சினை என்று அந்த நாடே பேச ஆரம்பித்தது.

9/
அதன் பிறகான காலத்தில் ஒலியைக் குறைக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1983இல் யமஹா கிளாவினோவா என்ற வீட்டு டிஜிட்டல் பியானோவைக் கொண்டுவந்தது. 1993இல் அதே நிறுவனத்தின் சைலன்ட் பியானோ: நிஜ பியானோதான், ஆனால் சுத்தி கம்பியைத் தொடும் முன் நிறுத்தப்படும், ஒலி ஹெட்போனில் வரும்.

ஆக, காற்றில் போகிற சத்தம் தீர்ந்தது. கதை முடிந்ததா? இல்லை.

10/
வாசிப்பவர்கள், "கட்டை பொம்மை மாதிரி லேசா இருக்கு, நிஜ பியானோ மாதிரி கனம் வேணும்" என்றார்கள். நியாயமான கோரிக்கை, லேசான கட்டையில் பழகிய விரல் நிஜ பியானோவில் திணறும். அதனால் டிஜிட்டல் பியானோவுக்குள் மறுபடி சுத்தி வந்தது. அடிக்கக் கம்பி இல்லை, கனத்துக்கு மட்டும்.

கட்டை சுமார் 1 செ.மீ. இறங்கி அடியில் உள்ள ஃபெல்ட் பட்டையில் மோதும். விட்டால் திரும்ப வந்து இன்னொரு பட்டையில் மோதும். சுத்தியும் தன் பங்குக்கு மோதும். நிஜ பியானோவிலும் இதே டொக் உண்டு, கம்பியின் ஒலி அதை மூடிவிடும். ஹெட்போன் போட்டதும் மூடி விலகியது. அடியில் இருந்த டொக் மட்டும் மிஞ்சியது.

11/
அந்த டொக் காற்றில் போவதில்லை. ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு, தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு. அதனால்தான் உங்கள் அறையில் நிற்பவருக்கு லேசாகவும் கீழே படுத்திருப்பவருக்கு 'இடி'யாகவும் கேட்கிறது. தரை எவ்வளவு சத்தத்தைக் கடத்துகிறது என்று சோதிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கருவி என்ன தெரியுமா? தலா 500 கிராம் எடையுள்ள ஐந்து சுத்திகள், 4 செ.மீ. உயரத்திலிருந்து, விநாடிக்கு 10 அடி. கிட்டத்தட்ட நம் வீட்டில் நடப்பதேதான்.

12/
இப்போ மருத்துவராகப் பேசுகிறேன். தூங்கும்போது கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. திடீர் ஒலி வந்தால் நீங்கள் விழிக்காவிட்டாலும் இதயத்துடிப்பு கூடும், ஆழ்ந்த தூக்கம் கலையும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குச் சொன்ன அளவு: சராசரியாக 30 டெசிபல், தனித்தனி ஒலிகள் 45ஐத் தாண்டக்கூடாது.

ஆனால் டெசிபல் மட்டுமே விஷயம் இல்லை. கிளாஸ், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்து 1972இல் நூலாக வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். எப்போது வரும் என்று தெரியாத சத்தம் கேட்டவர்கள் பிறகு செய்த வேலையில் அதிகம் தடுமாறினார்கள். "வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம்" என்று சொல்லப்பட்டவர்கள், பொத்தானைத் தொடாமலேயே, நன்றாகச் செய்தார்கள். நம் கையில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையே பாதி மருந்து.

13/
சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் நோயறிதல். பியானோவை அணைத்துவிட்டு 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒன்றிரண்டு மட்டும் 'டக்' என்று தனியாகச் சத்தமிட்டால் உள்ளே ஃபெல்ட் தேய்ந்திருக்கலாம். டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களாக எண்ணெய் விடாதீர்கள். எல்லாமே ஒரே மாதிரி 'டொக்' என்றால் அது இயல்பு. மருந்து தரைக்குத்தான்.

தரைக்கு: வெறும் கார்ப்பெட் போதாது. கீழே அடர்த்தியான ரப்பர் பாய், அதன்மேல் கனமான ப்ளைவுட், அதன்மேல் ஸ்டாண்டும் பெடலும். பெடலை விட்டுவிடாதீர்கள், கால் மிதிக்கும் சத்தமும் கீழே போகும். ஆடும் ஸ்டாண்ட் வேண்டாம். அறையின் நடுவில் வைக்காமல் வெளிச்சுவர் ஓரமாக வையுங்கள், தரையின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும்.

விரலுக்கு: ஹெட்போனில் ஒலி ரொம்பக் குறைவாக இருந்தால் பிள்ளை கட்டையை ஓங்கி அடிக்கும். டச் அமைப்பை 'லைட்' ஆக்குங்கள், மெதுவாக அழுத்தினாலே போதிய ஒலி வரும். அதற்காகக் காது வலிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிவிடாதீர்கள்.

14/
இதையெல்லாம் நானும் செய்தேன். சத்தம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. போகாது.

அதனால் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். "அம்மா, அன்னிக்கு நீங்க கேட்டது எங்க வீட்டு பியானோதான். மன்னிச்சிடுங்க. எத்தனை மணியோட நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். ஏழு மணி என்பார் என்று பயந்தேன். "படிக்கிற பிள்ளை, ஒன்பது வரைக்கும் வாசிக்கட்டும்" என்றார். என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

இதுவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது கேட்டேன், சத்தம் கேட்கிறதா என்று.

"கேக்குது. ஆனா என்னன்னு தெரியும்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் பியானோ இருந்தால் இன்று இரவு ஒரு நிமிஷம் தரையில் காதை வைத்துப் பாருங்கள். பிறகு கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.