தொங்கும் மனிதன் (டாரட் சீட்டு)

தொங்கும் மனிதன் என்பது டாரட் சீட்டுக்கட்டின் 22 முதன்மைச் சீட்டுகளுள் 12 ஆம் எண்ணுடையதாகும். ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் ஒருவனின் உருவம் இதில் காணப்படும்.

டாரட் 15 ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. அக்காலத்து இத்தாலிய நகரங்களில் துரோகிகளை இவ்வாறு தொங்குவதாகச் சுவரில் வரைந்து இழிவுபடுத்துவர். இச்சீட்டும் அங்கு 'துரோகி' எனப்பட்டது. குறி சொல்லும் வழக்கம் 18 ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

1909 இல் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டில், ஆர்தர் எட்வர்டு வெயிட்டின் கருத்துப்படி பமீலா கோல்மன் சுமித் வரைந்த படத்தில் தூக்குமரம் இலைவிட்ட உயிர்மரமாக உள்ளது. தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்திலோ வேதனை இல்லை. எனவே இன்று குறி சொல்வோர் இதற்குத் தண்டனை என்று பொருள் கொள்வதில்லை. தானே ஏற்ற தியாகம், பொறுத்திருத்தல், மாற்றுப் பார்வை என்றே கொள்கின்றனர். சீட்டு தலைகீழாக விழுந்தால் தன்னலம் என்கிறார் வெயிட். அந்நிலையில்தான் படத்திலுள்ளவன் நிமிர்ந்து நிற்பவன்போல் தோன்றுகிறான்.