கவெனா, ஓர்ஃபியர் (1820–1891)

வங்காளப் படை அதிகாரி. 1859 முதல் 1867 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர். ஜொகூரின் வடகிழக்கு எல்லை இன்றைய வடிவம் பெறுவதற்கு வழிவகுத்த பகாங் உள்நாட்டுப் போரில் (1857–1863) ஆங்கிலேயரின் தலையீடு இவருடைய ஆணையால் நிகழ்ந்தது. கவெனா என்பது அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதிக்குரிய பழைய குலப்பெயரின் ஒரு வடிவம். இவர் பிறந்ததோ இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து ஹைத் என்ற ஊரில். அயர்லாந்துக்காரரா ஆங்கிலேயரா என்பது, பெயரைக் கொள்கிறோமா ஊரைக் கொள்கிறோமா என்பதைப் பொறுத்தது.

படை வாழ்க்கை வங்காளச் சிப்பாய்க் காலாட்படையில் தொடங்கியது. பின்னர் குதிரைப்படைப் பொறுப்புக்கு மாறினார். 1843 டிசம்பர் 29 அன்று குவாலியர்ப் படைக்கு எதிரான மகாராஜ்பூர்ப் போரில் ஒரு பீரங்கிக் குண்டு இவருடைய காலைக் கணுக்காலுக்குச் சற்று மேலே துண்டித்தது. ஏறியிருந்த குதிரையும் மாண்டது. இத்துடன் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1846 ஜனவரியில், லூதியானா அருகே பத்தோவாலில் சீக்கியர் படையின் குண்டு இடக்கையில் பட்டதாகப் பதிவு உள்ளது. 1850இல் நேபாளத்தின் ஜங் பகதூர் ஐரோப்பா சென்றபோது உடன் போனார். 1857 கிளர்ச்சிக் காலத்தில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டை இவர் பொறுப்பில் இருந்தது.

பகாங்கில் போர் மூண்டதும் அதே 1857இல்தான். பகாங்கை ஆண்ட பெண்டஹாரா துன் அலி மறைந்ததும் மூத்த மகன் துன் முதாஹிர் பதவியேற்றார். குவாந்தான், எண்டாவ் ஆற்றுப் பகுதிகளின் வருவாயைத் தந்தை தனக்கு எழுதிவைத்ததாக இளையவர் வான் அகமது உரிமை கோரினார், அண்ணன் இசையவில்லை. மலாய் மொழியில் உள்நாட்டுப் போருக்குப் ‘பெராங் சவுடாரா’ என்று பெயர். நம் ‘சோதரன்’ என்ற சொல்லும் இந்தச் ‘சவுடாரா’வும் ஒரே வடமொழி வேரிலிருந்து பிறந்தவை. இந்தப் போருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

ஜொகூரை ஆண்ட துமெங்கோங் இப்ராஹிம் முதாஹிரின் பக்கம் நின்றார். இரு குடும்பங்களுக்கும் திருமண உறவு இருந்தது. எண்டாவ் கரையிலும் தியோமான் தீவிலும் ஜொகூருக்கு நாட்டம் இருந்ததும் மறைவான செய்தியல்ல. இப்ராஹிம் வாழ்ந்தது சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில். அதே சிங்கப்பூரில் இருந்த ஆளுநருக்குக் கூப்பிடு தூரம். இரு தரப்பையும் சமரசத்துக்குக் கொண்டுவர கவெனா முயன்றார், பலன் இல்லை. 1862 தொடக்கத்தில் இப்ராஹிம் இறந்து, மகன் அபு பக்கர் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூன் 17 அன்று ஜொகூரும் முதாஹிரும் செய்துகொண்ட உடன்படிக்கை தியோமானையும் அதற்குத் தெற்கே உள்ள தீவுகளையும் ஜொகூருக்கு உரியவை என்றது.

இதற்குப் பின் வரும் சில மாதங்களைப் பற்றித்தான் ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. 1857இல் டச்சுக்காரர்களால் பதவி நீக்கப்பட்ட லிங்கா சுல்தான் மகமூது, பாங்காக்கிலிருந்து சயாமியக் கப்பலில் திரங்கானு வந்து இறங்கினார். பழைய ஜொகூர்–லிங்கா அரசின் வாரிசு என்ற முறையில் அவருடைய வருகை வான் அகமதுவுக்கு வலு சேர்த்தது. துமெங்கோங் குடும்பத்துக்குக் கலக்கம் தந்தது. மகமூதைத் திருப்பி அழைத்துக்கொள்ளுமாறு கவெனா சயாமிடம் கேட்டார். பதில் இழுத்துக்கொண்டே போயிற்று. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்தால் கிழக்குக் கரைக்குக் கப்பல் போக முடியாது, நாள் குறைவு. ‘ஸ்கவுட்’ முதலிய போர்க்கப்பல்களை அனுப்பி, மகமூதை ஒப்படைக்குமாறு திரங்கானு சுல்தான் ஓமாருக்குக் கெடு வைத்தார். கெடு முடிந்ததும், 1862 நவம்பர் 11 அன்று, கப்பல்கள் குவாலா திரங்கானு மீது குண்டு வீசின. மகமூது உள்நாட்டுக்குள் போய்விட்டார். கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின.

இதன் நோக்கம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சயாமின் கை தெற்கே நீளுவதைத் தடுக்கவே என்பர் சிலர். பகாங் ஈயத்தில் பணம் போட்ட சிங்கப்பூர் வணிகரின் நெருக்கடியே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். சயாம் முறையிட்டது, 1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது.  

குண்டுவீச்சு போரின் போக்கை மாற்றவில்லை. 1863இல் வான் அகமது வென்றார். முதாஹிர் தெற்கே பின்வாங்கி, இன்றைய கோத்தா திங்கி மாவட்டத்துக் குவாலா செடிலியில் அவ்வாண்டே இறந்தார். அவருடைய மகன் வான் கோரிசும் ஏறத்தாழ அதே நாட்களில் மறைந்தார். இந்த மரணங்களைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கவெனா 1867இல் பதவி விட்டார். 1884இல் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். சிங்கப்பூர் ஆற்றின் கவெனா பாலம் அவர் பெயரில் அமைந்தது. அவர் குடும்பச் சின்னம் அதன் இரு முனைகளிலும் உள்ளது. மூன்று ஹண்ட்ரட்வெயிட் எடைக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடு குதிரைகளுக்கும் பாலத்தில் இடமில்லை என்ற பழைய போலீஸ் அறிவிப்புப் பலகையும் இன்னும் நிற்கிறது. இன்று நடப்பவர்களுக்கு மட்டுமான பாலம் அது.

எல்லைச் சிக்கலை அவருக்குப் பின் வந்த ஆளுநர் ஹாரி ஆர்ட் 1868இல் தீர்த்தார். எண்டாவ் ஆறு எல்லையாயிற்று. ஆற்றின் தென்கரை ஜொகூருக்கு, தியோமான் பகாங்கிற்கு. தியோமான் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்றும் ஜொகூரின் மெர்சிங் படகுத்துறையில்தான் சீட்டு வாங்கிப் படகேறுகிறார்கள்.