திசை சொல்லும் குரல்: கிழக்குக் கடலும் கட்டுநாயக்கவும்

அம்பாறைக் கரையோரத்திலுள்ள பாண்டிருப்பிலிருந்து வடக்கே மட்டக்களப்பு வரை நீளும் கடற்பரப்பில் 1942 ஏப்ரல் 9 அன்று நடந்ததைக் கடற்போரின் ஒரு நிகழ்வாகவே நூல்கள் பெரும்பாலும் எழுதுகின்றன. ஆயினும், தரையில் இருப்பவர் ராடார் திரையில் கண்டதைக் கொண்டு வானில் இருப்பவருக்குத் திசை சொல்லும் தொழில் இலங்கையில் தொடங்கிய காலத்தையும், அத்தொழில் எங்கே தடுமாறும் என்பதையும் அந்த ஒரு நாளே தெளிவாகக் காட்டுகிறது.

அதற்கு நான்கு நாள் முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது உரிய எச்சரிக்கை எதுவும் கிடைக்காததால், இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் போர்விமானங்கள் குண்டுகள் விழும் வேளையிலேயே மேலெழ வேண்டியதாயிற்று. திருகோணமலையில் நிலைமை வேறு. அங்கு நிறுவப்பட்டிருந்த ராடார் நிலையம் ஏறக்குறைய 90 மைல் தொலைவிலேயே எதிரி விமானங்களைக் கண்டுகொண்டதால், சீனன்குடா விமானத்தளத்தின் ஹரிக்கேன்கள் நேரத்தோடு புறப்பட்டன. ஆனால் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்டிருந்த ஹேர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்றிருந்த அக்கப்பல் பாதுகாப்பு வேண்டியபோது, தாக்குதலால் குலைந்திருந்த தொடர்புகளின் வழியே திருகோணமலைப் போர்விமானங்களுக்கு ஆணை போய்ச்சேரவில்லை; இரத்மலானையிலிருந்து வந்த ஃபுல்மார் விமானங்களும் கப்பல் மூழ்கிய பின்னரே அவ்விடத்தை அடைந்தன. ஹேர்மஸில் மட்டும் 307 பேர் இறந்தனர். அதன் உடைந்த உடல் இன்றும் மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கடல் மைல் தொலைவில், கடலடியில் கிடக்கிறது. ராடார் கண்டுவிட்டது, கண்டதை உரியவரிடம் சேர்க்கும் சொல்தான் வழியில் அறுந்துபோனது.

போர்விமானத்தை எதிரியிடம் கொண்டுசேர்க்க உருவான இம்முறையே, மேகமூட்டத்தில் தடுமாறும் விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுசேர்க்கவும் பயன்படும் என்பதைப் போர்க்காலத்திலேயே அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் செயலில் காட்டினார். 1948-49 இல் பேர்லின் நகருக்கு வான்வழியே உணவும் நிலக்கரியும் கொண்டுசெல்லப்பட்டபோது, இந்த வழிநடத்தலே மோசமான வானிலையிலும் விமானங்களை அடுத்தடுத்துத் தரையிறக்கியது.

இம்முறையின் இன்றைய வடிவமான அணுகுநிலை வழிநடத்தல் என்பது, இறங்க வரும் விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் திசையையும் உயரத்தையும் படிப்படியாகக் கூறி, அதை ஓடுபாதையின் நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதாகும். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவின் ஓடுபாதை 04 வடக்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 40 பாகை நோக்கி அமைந்திருப்பதால், கிழக்குக் கரையைக் கடந்து வரும் ஒரு விமானம் மலைநாட்டைத் தாண்டியபின் தென்மேற்காகக் கொண்டுசெல்லப்பட்டு, 310 பாகைக்குத் திருப்பப்பட்டு, பின்னர் 10 பாகைத் திசை கொடுக்கப்படும்போது, 30 பாகைக் கோணத்தில் அந்த நேர்கோட்டைச் சென்று தொடும். அங்கிருந்து கருவிவழித் தரையிறங்கு முறை, அதாவது ஓடுபாதையருகே இருந்து அனுப்பப்படும் வானொலிக் கற்றைகள், பக்கவாட்டையும் சரிவையும் காட்டும். வழக்கமான மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு 300 அடியளவு இறங்க வேண்டும். இவ்வளவும் கணக்கு, கணக்கு எளிது. அரியது, நடுவில் நிற்கும் மலையை ஒருபோதும் மறவாதிருப்பது. அதற்காகவே ஒவ்வொரு வான்பகுதிக்கும் நிலத்தின் மிகவுயர்ந்த இடத்துக்கு மேலே குறைந்தது 1000 அடி இடைவெளி விட்டு ஓர் எல்லை உயரம் வகுக்கப்படுகிறது. விமானம் அப்பகுதியைக் கடக்கும்வரை கட்டுப்பாட்டாளர் அதற்குக் கீழே இறங்கச் சொல்லக்கூடாது.

1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்த மார்ட்டின்எயர் டிசி-8 விமானம், மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். தாம் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகத் தவறாகக் கணித்த விமானிகள், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணமென விசாரணை கண்டது. நான்கு ஆண்டுகளுக்குள், 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து அதே சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் ஐஸ்லாந்து டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வருகையில் ஓடுபாதைக்குச் சற்று முன்னதாகத் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். அணுகுமுறை விதிகளின்படி உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் விமானிகள் சரிபார்க்கவில்லை என்று இலங்கை விசாரணை கூற, தரையிலிருந்த கருவிகளையும் ராடார் அறை கொடுத்த தகவலையும் ஐஸ்லாந்துத் தரப்பு குறை கூறியது. பழி எவருடையதாயினும், திசை சொல்பவரும் கேட்பவரும் தனித்தனியே உயரத்தைச் சரிபார்த்தாக வேண்டும் என்னும் விதி ஏன் அவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு இவ்விரு இரவுகளைவிடக் கடுமையான சான்று இத்தீவின் வான்வரலாற்றில் இல்லை. அம்பாறைக் கரையோரத்துக் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஹாஜிகளை வழியனுப்பும் குடும்பங்களுக்கு, இறந்தவர்கள் வேற்று நாட்டவராயினும், அவர்கள் புறப்பட்ட நோக்கம் அந்நியமானதன்று.

அம்பாறைக் கரையோர மக்களுக்கு அண்மையிலுள்ள விமானத்தளங்களான மட்டக்களப்புக்கும் கல்லோயாவுக்கும் எயார் சிலோனின் டிசி-3 விமானங்கள் ஒருகாலத்தில் பறந்தன. 1983 இல் விமானப்படையின் கைக்குச் சென்ற மட்டக்களப்பு நிலையம் 2018 இல் மீண்டும் பொதுமக்கள் சேவைக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் இக்கரையில், பயணிகளை ஏற்றிச்செல்லும் விமானத்துக்குப் படிப்படியாகத் திசை சொல்லும் கலை வேரூன்ற வாய்ப்பு ஏற்படவில்லை.

அந்தக் கலையை இன்று எவரும் வீட்டிலிருந்தே பயிலலாம். புரூஸ் ஆர்ட்விக் 1979 இல் தனிக்கணினிக்கென ஆக்கிய பறத்தல் பாவனை, 1982 இல் மைக்ரோசொஃப்டின் பெயரில் வெளியாகி, 2002 ஆம் ஆண்டுக்கான பதிப்பில் கட்டுப்பாட்டாளரோடு உரையாடும் வசதியையும் பெற்றது. கணினியே திசை சொல்லும் அந்த முறையில் மலைகள் போதிய அளவு கருதப்படாததால், சொன்னபடி பறந்தவர்கள் சிலவேளை மலைச்சரிவை நோக்கிச் சென்றனர். ஏழு கன்னியர் மலையின் வரலாற்றை அறிந்தவர் இக்குறையைச் சிறிதென்று கருதமாட்டார். 2001 இல் தொடங்கிய வட்சிம் வலையமைப்பில், பாவனை வானுக்கு மனிதரே தன்னார்வத்தோடு கட்டுப்பாட்டாளராக அமர்கின்றனர். பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்ற பின்னரே அணுகுநிலைப் பணி அவர்களுக்குக் கிடைக்கிறது. அங்கும் கட்டுப்பாட்டாளர் ஒரு திசையையும் உயரத்தையும் சொன்னால், விமானி அந்த எண்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓரெண் பிழைத்தாலும் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்துகிறார், விமானி மீண்டும் சொல்கிறார், அதன் பிறகே அடுத்த விமானத்துக்குப் பேச்சு மாறுகிறது.